பொத்திப் பொத்தி வளர்த்த ஓட்டக்காரன்

என் தம்பி தொலைக்காட்சியில் குனிந்துகொண்டிருந்த வாரம், எங்கள் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பந்தயக் கோட்டில் கையை ஊன்றிக் குனிந்தான். வெள்ளிக்கிழமையும் குனிந்தபடிதான் இருந்தான். நடுவில் துப்பாக்கி வெடித்தது, அதற்குக் கதையில் உள்ள அத்தனை முகங்களும் அதிர்ந்தன, விளம்பரம் வந்தது, இவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எழுத்து தெரிகிறதா என்று நான் கேட்பதற்குள், கண் சோதிக்க வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள்: "அவன் ஓடுவானா மாட்டானா, நீங்களாவது சொல்லுங்க." எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

தம்பி நிஜமாகவே ஓட்டக்காரன். நானூறு மீட்டர். அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன். வளர்த்தேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். தண்ணீர் தெளித்து விட்ட மாதிரிதான். காலையில் கதவைத் திறந்து விடுவேன், பசித்தால் திரும்பி வருவான். முழங்காலில் முழுசாகத் தோல் இருந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸைத் தவற விட்டால் ஓடிப்போய் அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்வான், கண்டக்டர் திட்டுவார். இப்படிப்பட்டவன் மண்டலப் போட்டியில் முதலாவதாக வந்து படம் பேப்பரில் வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சேனலிலிருந்து ஆள் வந்தார்கள்.

அவர்கள் எடுக்கப்போகும் தொடருக்குப் பெயர் 'கைக்குள்ளே காற்று'. பெரிய வீட்டு அம்மா, ஒரே பிள்ளை. வெயில் படாமல், தூசி படாமல் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். பிள்ளைக்கோ ஓட வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான் கதை. சேனலில் கதைத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி கழுத்தில் தொங்கும், தூரப் பார்வைக்கு ஒன்று தலையில் ஏறியிருக்கும், கண்ணில் எப்போதும் எதுவும் இருக்காது.

"நடிகன் வேணாம்மா. நிஜமான ஓட்டக்காரன் வேணும். நம்பகத்தன்மைங்கிற விஷயத்துல எங்க சேனல் விட்டுக்கொடுக்கவே கொடுக்காது" என்றார் அவர்.

நிஜமான ஓட்டக்காரன் கிடைத்த முதல் நாளே அவனுடைய ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பாதுகாப்பு அதிகாரி இடுப்பில் செருகிக்கொண்டார். எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

"அவர் காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா தொடர் நின்னுடும். அந்தக் கால் இப்ப அவரோடது மட்டும் இல்லம்மா. ஓடக் கூடாது, தாண்டக் கூடாது, படியில ரெண்டு ரெண்டா ஏறக் கூடாது. வீட்டுலயும் அப்படித்தான். மத்தபடி அவர் சுதந்திரமா இருக்கலாம்."

காரிலிருந்து மேக்கப் அறைவரை குடை பிடிக்க ஒருவர். படியிறங்கக் கை கொடுக்க ஒருவர். இருபது வயதுப் பிள்ளைக்குத் துணையாக வீட்டு ஆள் ஒருத்தர் கட்டாயம் கூடவே இருக்க வேண்டும் என்றார்கள், பொத்தி வளர்த்த பையன் தனியாக நிற்பதை நேயர்கள் யாராவது பார்த்துவிட்டால் நம்பிக்கை போய்விடுமாம். அதனால் நானும் என் வீட்டுக்காரரும் முறை வைத்துக்கொண்டோம், என் முறை வரும் நாளெல்லாம் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஒரு நாள் மழை பிடித்துக்கொள்ள, தம்பி பழக்க தோஷத்தில் பத்தடி ஓடி வராந்தாவில் ஏறிவிட்டான். அன்று மத்தியானம் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, எல்லோரையும் உட்கார வைத்து, ஓடுவதன் ஆபத்துகளைப் பற்றிப் பாதுகாப்பு அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். தம்பியை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. தினம் ஒரு பகுதி எடுத்து முடிக்க வேண்டும், மனப்பாடத்துக்கு எங்கே நேரம். காமிராவுக்குக் கீழே ஒருவர் தாளோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பேர் வாய்ஸ். அவர் ஒரு வரி சொல்வார், நடிப்பவர் அதையே உணர்ச்சியோடு திருப்பிச் சொல்வார். குரலைப் பிறகு ஒலிப்பதிவில் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு முறை தொடரில் வரும் மாமா, அம்மா, தம்பி மூவரும் அழுகிற கட்டம். நடுவில் வாய்ஸ் பக்கத்திலிருந்தவரிடம், "டீ ஆறிப் போச்சு" என்றார். "டீ ஆறிப் போச்சு" என்று மாமா மீசை துடிக்கச் சொன்னார். அம்மா விம்மிக்கொண்டே சொன்னாள். தம்பி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "டீ ஆறிப் போச்சு" என்றான். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓகே என்றார். அந்த வாரம் அதிகம் பேர் பார்த்த காட்சி அது.

இன்னொரு விதி, சத்தம். கதவு தட்டினாலும் சரி, தட்டு விழுந்தாலும் சரி, கன்னத்தில் அறை விழுந்தாலும் சரி, சத்தம் கேட்டதும் மூன்று பார்வை பார்க்க வேண்டும்.

"இடது, நேர், வலது. மூணும் முடிஞ்சப்புறம்தான் உடம்பு அசையணும். உனக்கு முதல்ல உடம்புதான் போகுது தம்பி. அது தப்பு. உள்ள இருக்கிற ஓட்டக்காரனைக் கொஞ்சம் அடக்கு" என்று இயக்குநர் சொல்லிக்கொடுத்தார்.

அடக்கினான். சொன்னதைச் செய்கிற பிள்ளை அவன், அதுதான் கோளாறு. கனவில் ஓடுகிற மாதிரி ஒரு காட்சி வந்தது. அந்த ஒரு காட்சியில்தான் அவனுக்கு ஓட அனுமதி. மெதுவாக ஓடுவதாகக் காட்டத் தனிக் காமிரா வாடகைக்கு எடுக்க வேண்டுமாம். அதற்கு மேலிடத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவே அவனையே மெதுவாக ஓடச் சொன்னார்கள். ஒரு காலைத் தூக்கி, காற்றில் நிறுத்தி, ஆற அமர இறக்கி, அடுத்த காலைத் தூக்கினான். ஒரு முழு நாள் அப்படி ஓடினான். "இவ்வளவு மெதுவா ஓட நிஜ ஓட்டக்காரனாலதான் முடியும்" என்று கதைத் தலைவர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவாக நடித்தவள் என்னைவிடச் சின்னவள். கட்டத்துக்குக் கட்டம் இவனுக்குப் பால் கொடுப்பதுதான் அவள் வேலை. ஒரே காட்சியை நாலு கோணத்தில் எடுத்தால் நாலு டம்ளர் பால். ஓய்வு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"அக்கா, நேத்து வீட்டுல என் வீட்டுக்காரருக்கும் டம்ளரை வாய்கிட்ட கொண்டு போயிட்டேன். ஒரு மாதிரி பார்த்தாரு" என்று ஒரு நாள் சொன்னாள்.

பாவம், அவளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது, மூன்று பார்வையில் வந்த சுளுக்கு. ஒரு வாரம் லீவு கேட்டாள். மறுநாள் வேறொருத்தி அதே புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரையில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை போட்டார்கள், அதோடு சரி. தம்பி புது அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய்ஸ், "அம்மா" என்றார். தம்பியும் "அம்மா" என்றான். நன்றாகத்தான் சொன்னான்.

வீட்டிலும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். குக்கர் விசில் அடித்தால் இடது, நேர், வலது. என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு, "பாரு, பாரு, மூணாவது பார்க்குறான் பாரு" என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். தம்பியும் எங்களோடு சேர்ந்து சிரிப்பான், கொஞ்சம் தாமதமாக.

அப்போதுதான் அவனுடைய பழைய கோச் வீட்டுக்கு வந்தார். பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள், தேர்வு ஓட்டம் சனிக்கிழமை என்றார்.

"அடுத்த வருஷம் இவனுக்கு வயசு தாண்டிடும். இதை விட்டா வேற வழி கிடையாது. எடுத்துட்டாங்கன்னா தங்க இடம், சாப்பாடு, ஓட்டம், எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க. இவன் ஓடினா எடுப்பாங்கம்மா. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

தம்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஓடுறியாடா?" என்று நான் கேட்டேன். "ஓடணும்க்கா" என்றான். அவன் கண்ணில் பழைய பையன் தெரிந்தான். எனக்கு அது போதும்.

அது குனிந்த வாரம். பந்தயக் காட்சிக்காக ஒரு பள்ளி மைதானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தினமும் காலையில் போய்க் குனிவான், இருட்டினால் நிமிர்வான். மற்ற நேரமெல்லாம் துப்பாக்கிச் சத்தத்துக்கு அதிர்ந்தவர்களின் முகங்களை எடுத்தார்கள். அம்மா, மாமா, மாமாவின் கூட்டாளி, மைதானத்துக் காவல்காரர், வீட்டில் டிவி பார்க்கும் சமையல்காரி, கடைசியில் ஒரு நாய். நாய்க்கு மூன்று பார்வை வரவில்லை. அதற்கு மட்டும் அரை நாள் போயிற்று.

சனிக்கிழமைக்கு லீவு கேட்கக் கதைக் குழு கூடும் அறைக்குப் போனேன். நீள மேசை, சுற்றிலும் ஆட்கள், எல்லோர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சுவரில் மலையும் பள்ளமுமாக ஒரு கோடு வரைந்திருந்தார்கள். கதைத் தலைவர் அந்தக் கோட்டைக் காட்டினார்.

"இதைப் பாருங்கம்மா. தம்பி ஓடப் போறான்னு சொன்னோம், மேல போச்சு. குனிஞ்சான், இன்னும் மேல போச்சு. புதன்கிழமை ஒரு தப்பு நடந்துச்சு. குனிஞ்ச இடத்துல லேசா இடுப்பைத் தூக்கிட்டான். உடனே விழுந்துடுச்சு பாருங்க. ஓடிடுவானோன்னு ஜனங்க பயந்துட்டாங்க. ஓடாத வரைக்கும்தாம்மா அவன் ஓட்டக்காரன். ஓடிட்டா அவனும் நாலு பேர்ல ஒருத்தன்."

"அது கதையில சார். நான் கேட்கிறது நிஜத்துல ஓடுறதுக்கு" என்றேன்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இடது, நேர், வலது. இந்த வியாதி மேலிடம்வரை போயிருந்தது.

"விளையாட்டுக்கு நாங்க செய்யுற அளவுக்கு யாரு செய்யுறா சொல்லுங்க" என்றார் தலைவர், கழுத்துக் கண்ணாடியைத் தலைக்கும் தலைக் கண்ணாடியைக் கழுத்துக்கும் மாற்றிக்கொண்டே. "ஒரு விளையாட்டு வீரனை வாரத்துல அஞ்சு நாள் வீடு வீடா கொண்டு போய்க் காட்டுறோம். அவங்க சங்கம் காட்டுதா? வெயில் படாம வச்சிருக்கோம். அடி படாம வச்சிருக்கோம். இந்த ஒரு வருஷத்துல அவனுக்கு ஒரு சின்னக் காயம் உண்டா? எந்தக் கோச்சாவது இப்படிப் பார்த்துக்குவாரா?"

அது மறுக்க முடியாத உண்மை. தம்பியின் முழங்காலில் முழுசாகத் தோல் வளர்ந்திருந்தது.

யாரோ ஒருவர், நிஜப் போட்டியைச் சேனலே படம் பிடித்தால் என்ன என்றார். அறையில் உயிர் வந்தது. லீவு கிடைத்தது. தேர்வுக் குழுவிடம் பேசி, துப்பாக்கியை இரண்டு தடவை சுடச் சொல்ல முடியுமா, ஒன்று அவர்களுக்கு, ஒன்று சேனலுக்கு, என்று மட்டும் கேட்டார்கள். முடியாது என்றேன். விளையாட்டுத் துறையில் ஒத்துழைப்பே இல்லை என்று தலைவர் வருத்தப்பட்டார். பாதுகாப்பு அதிகாரி அலமாரியைத் திறந்து ஷூவைக் கொடுத்தார். காற்றுப் படாமல் வைத்திருந்ததில் தோல் விறைத்துப் போயிருந்தது.

சனிக்கிழமை காலை மைதானத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். மூன்றாவது தடத்தில் தம்பி. பக்கத்தில் நின்ற பையனுக்குக் கட்டை விரலில் பிளாஸ்திரி, முழங்காலெல்லாம் தழும்பு. அந்தத் தழும்புகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் கோச்சும் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சேனல் காமிரா சற்றுத் தள்ளி நின்றது. வாய்ஸ் வரவில்லை, அவருக்கு அன்று வேறு தொடர்.

குனியச் சொன்னார்கள். தம்பி குனிந்தான். அவன் குனிந்ததைப் பார்த்துத் தேர்வுக் குழுவில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையசைத்தார். குனிவதில் அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. கோச் என் கையைப் பிடித்து, "பார்த்தியாம்மா, எதையும் மறக்கல" என்றார்.

துப்பாக்கி வெடித்தது. ஏழு பேர் போனார்கள்.

தம்பி தலையைத் தூக்கி இடது பக்கம் பார்த்தான். பிறகு நேராகப் பார்த்தான். பிறகு வலது பக்கம், வேலிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். கண் விரிந்து, உதடு லேசாகப் பிரிந்து, அந்த வாரம் டிவியில் எங்கள் தெருவே பார்த்த அதே முகம். மூன்றும் முடிந்துவிட்டது. இனி உடம்பு அசைய வேண்டும். அவன் காத்திருந்தான்.

"ஓடுடா" என்று கத்தினேன்.

அவன் கண்ணில் நீர் திரண்டது. சரியான இடைவெளி விட்டு, தொண்டை கம்ம, "ஓடுடா" என்றான்.

"டேய், நீ ஓடுடா. ஓடு."

"டேய், நீ ஓடுடா. ஓடு" என்றான்.

அதற்குள் மற்றவர்கள் வளைவைத் தாண்டியிருந்தார்கள். இனி ஒன்றும் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஏழு பேரும் ஒரு சுற்று சுற்றி, அவன் நின்ற இடத்தைத் தாண்டி விழுந்து, மூச்சிரைத்தார்கள். தம்பி மட்டும் மூச்சிரைக்காமல் எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வேலியோரம் வந்தான்.

"ஓகேவாக்கா?" என்று கேட்டான்.

"ஓகேடா" என்றேன்.

நெஞ்சு வெடித்தது, அழுகை வந்தது என்றெல்லாம் எழுதலாம். பொய். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. கோச் ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்து அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகும்போது தம்பியின் தோளைத் தொட்டார்.

பஸ்ஸில் அவனை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்து, "உட்காரு கண்ணு, உனக்கு அலைச்சல் ஆகாது" என்றாள்.

"உட்காரு கண்ணு, உனக்கு அலைச்சல் ஆகாது" என்று தம்பி மெல்லச் சொன்னான். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று என்னிடம் சொன்னாள். அவன் நின்றுகொண்டே வந்தான், அவளும் நின்றுகொண்டே வந்தாள், நடுவில் சீட் காலியாக வந்தது. அன்றும் மறுநாளும் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிவிடுவானோ என்று பயம். தட்டை வைத்தேன், சாப்பிட்டான். என் வீட்டுக்காரரை ஸ்பூன் பக்கமே போக விடவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கதைத் தலைவர் போன் செய்தார். சேனல் பிடித்த படத்தைப் பார்த்தாராம், நடிப்பு பிரமாதமாம்.

"ஆனா ஒரு சிக்கல்மா. பேப்பர்லயும் வந்துடுச்சு, தம்பி துப்பாக்கி வெடிச்சும் ஓடலன்னு. ஓடத் தெரியாத ஒருத்தரை ஓட்டக்காரர்னு காட்டி நேயர்களை ஏமாத்த எங்க மனசாட்சி இடம் கொடுக்கல. உங்களுக்கே தெரியும், நம்பகத்தன்மைங்கிற விஷயத்துல..."

"விட்டுக்கொடுக்க மாட்டீங்க" என்றேன்.

"அதேதான்மா. வேற ஒரு பையனைப் போட்டுட்டோம். நல்ல நடிகன். தம்பிகிட்ட மனசுல எதையும் வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. அந்த ஷூ எங்க சொத்துப் பட்டியல்ல ஏறிடுச்சு, திருப்பி அனுப்பிடுங்க."

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஒரு வருடக் கோபம். திட்டுவதற்கு வார்த்தை தேடினேன், ஒரு வரிகூட வரவில்லை. போனை வைத்துவிட்டேன். ஷூவை அனுப்பவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் பழக்கத்தில் டிவியைப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். தம்பி கீழே கால் நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை வந்தது. பிறகு அதே மைதானம், அதே மூன்றாவது தடம். அழகான பையன், நெற்றியில் முடி விழுந்தது. கையை ஊன்றிக் குனிந்தான். துப்பாக்கி வெடித்தது. அம்மா அதிர்ந்தாள். மாமா அதிர்ந்தார். நாய் வந்தது.

நான் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலை திரும்பவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரையின் அடிப் பக்கத்தையே உற்றுப் பார்த்தான்.

"பின்கால் தப்பா வச்சிருக்கான்க்கா" என்றான். "இப்படி வச்சா எழுந்திரிக்க முடியாது."

யாராவது இதை முன்னால் சொன்னார்களா என்று யோசித்துப் பார்த்தேன். டிவியிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. இரண்டு நாளாக மூடியிருந்த வாயைப் பயந்து பயந்து திறந்தேன்.

"அவன் எங்கடா எழுந்திரிக்கப் போறான்" என்றேன்.

தம்பி அதைத் திருப்பிச் சொல்லவில்லை.